பதினான்கு மேசைகள்

தாலி கட்டுவதற்கு இன்னும் அரை மணி நேரம்தான் இருந்தது. பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தின் இடப்பக்கம் போட்டிருந்த பதினான்கு மேசைகளிலும் ஈ காக்கை இல்லை.

விஷ்ணுப்ரியா அந்த மேசைகளையே திரும்பத் திரும்ப எண்ணினாள். மணப்பெண் ஹேமா அவளுடைய அக்கா. அக்காவின் கல்யாணத்துக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று கணக்குப் போட்டுச் சொன்னவள் அவள்தான். சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. கல்லூரியின் முதல் பருவத்தில், உத்தேசக் கணக்குப் பயிற்சிக்கு அதையே எழுதிக் கொடுத்து, நல்ல மதிப்பெண்ணும் வாங்கி, ஒரு வாரம் வீட்டில் தரையில் கால் படாமல் நடந்தவள்.

நம் ஆட்களிடம் கல்யாணத்துக்கு வருவீர்களா என்று கேட்டு உருப்படியாகப் பதில் வாங்கிவிட முடியுமா? "பார்ப்போம் லா" என்பார்கள். அந்தப் பார்ப்போமை நம்பி எவனும் அடுப்பு மூட்ட முடியாது. அதனால்தான் விஷ்ணுப்ரியா பழைய கல்யாணங்களையெல்லாம் நினைவுபடுத்திப் பார்த்தாள். பத்து வீட்டுக்குப் பத்திரிகை வைத்தால் ஏழு வீடு வருகிறது, வீட்டுக்கு நான்கு பேர் வருகிறார்கள் என்று பிடித்துக்கொண்டாள். தம்புசாமி மாமாவின் வம்சத்துக்கு மட்டும் நாற்பத்தெட்டுப் பத்திரிகை. பெருக்கினால் நூற்று முப்பத்துநான்கு பேர். மேசைக்குப் பத்துப் பேர், ஆகவே பதினான்கு மேசை. சமையல்காரர் ஹேண்ட்போனில் அவள் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டார்.

அந்தப் பயிற்சியின் ஓரத்தில் விரிவுரையாளர் ஒரு கேள்வி எழுதியிருந்தார். 'ஒரு வீடு வருவதும் இன்னொரு வீடு வருவதும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவையா? யோசி.' மதிப்பெண்தான் வந்துவிட்டதே, இனி எதற்கு யோசிப்பது? அவள் யோசிக்கவில்லை.

தம்புசாமி மாமா இரத்த உறவு இல்லை. கேரி தீவில் செம்பனைத் தோட்டத்து வீடுகளில் அவள் அப்பா ரெங்கசாமியோடு ஒன்றாக வளர்ந்தவர். மச்சான் மச்சான் என்றே கூப்பிட்டுப் பழகி, பிள்ளைகளுக்கும் அது மாமா உறவாகிவிட்டது. அப்பா தீவை விட்டு வந்து கிள்ளானில் டயர் கடை வைத்த பிறகும், வாரத்துக்கு ஒருமுறை இருவரும் ஒருவரையொருவர் ஏசிக்கொள்ளாவிட்டால் சோறு இறங்காது. சென்ற ஆண்டுதான் ஒரு சின்ன மனத்தாங்கல். தம்புசாமி தன் மகனுக்கு ஹேமாவைக் கேட்டார். ஹேமாவுக்கு வேறு விருப்பம் இருந்தது. மாமா சிரித்துக்கொண்டே "சரி லா, கல்யாணத்துக்கு மொத்தக் கூட்டத்தோட வந்து உன் சோத்தைக் காலி பண்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தக் கூட்டத்தில்தான் ஒருவரையும் காணோம்.

"பஸ் ரோசாக் ஆயிருக்கும்ங்க," என்றாள் அம்மா தங்கமணி. தீவிலிருந்து ஆட்களை ஏற்றிவர அப்பா ஒரு பேருந்து பேசியிருந்தார். அது வழியில் பழுதாகி நிற்கும் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. "டிரைவர் போன எடுக்க மாட்றான். இல்லன்னா ரோடு ஜாமா இருக்கும்."

அப்பாவின் முகம் கறுத்துக்கிடந்தது. சம்பந்தி வீட்டார் காலி மேசைகளை ஓரக்கண்ணால் பார்ப்பதும், தங்களுக்குள் குசுகுசுப்பதும் அவருக்குத் தெரியாமலா இருக்கும்?

இந்த இடத்தில் விஷ்ணுப்ரியா வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். படித்த பிள்ளையாயிற்றே, எப்படி இருப்பாள்?

"பஸ்ஸா இருக்காதும்மா," என்றாள். "அம்பாங், செமினியில இருக்குற மாமா வீட்டு ஆளுங்கல்லாம் சொந்தக் கார்லதானே வரணும்? அவங்களும் வரலயே. நாப்பத்தெட்டு வீடும் தற்செயலா வராம போறதுக்கு சான்ஸே இல்ல. புள்ளிக்கு அப்புறம் இருபத்தஞ்சு சைபர் போடணும். இதுக்குப் பின்னால ஒரே ஒரு காரணம்தான் இருக்கு. ஒருத்தருக்காகத்தான் எல்லாரும் நின்னுட்டாங்க."

சொல்லி முடித்ததும் அவளுக்கே தன் கெட்டிக்காரத்தனத்தின் மேல் ஒரு சின்னப் பெருமை வந்தது.

"ஒருத்தன்," என்றார் அப்பா. "தம்பு."

"அப்பா, நான் அப்படிச் சொல்லல—"

"நீ சொன்னது சரிதான்மா. எனக்குத்தான் புத்தி லேட்டு."

சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். தூணுக்குப் பின்னால் போய், வாட்ஸ்அப்பில் மைக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு பேசினார். நாதஸ்வரச் சத்தத்தையும் மீறி அது விஷ்ணுப்ரியாவின் காதில் விழுந்தது.

"டேய் தம்பு! பொண்ணு குடுக்கலன்னு இத்தன நாளா மனசுல வச்சிருந்தியாடா? சிரிச்சு சிரிச்சுப் பேசிட்டு, உன் கூட்டத்தையே தடுத்து நிறுத்திட்டு, சம்பந்தி முன்னால என்னைத் தலகுனிய வச்சிட்டியேடா. இனிமே நீ யாரோ நான் யாரோ. நீ செத்தாக்கூட உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்!"

விரலை எடுத்தார். செய்தி போய்விட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மணமேடைக்கு நடந்தார்.

அப்பா அழுது விஷ்ணுப்ரியா பார்த்ததே இல்லை. ஒரே காரணம் என்று சொன்னது சரி. அந்தக் காரணம் கோபம்தான் என்று எப்படித் தெரியும்? பாதிக் கணக்கைப் போட்டுவிட்டு மீதியை அப்பாவின் ஆத்திரத்திடம் விட்டுவிட்டாளே.

மீண்டும் முதலிலிருந்து யோசித்தாள். கோபத்தில் வராதவர்கள் என்ன செய்வார்கள்? நம் ஆட்கள் வராமல் இருக்க நூறு பொய் சொல்வார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்பான் ஒருவன், கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்பான் இன்னொருவன். நாற்பத்தெட்டு வீட்டில் ஒரு வீடாவது பொய் சொல்லியிருக்க வேண்டும். ஒரு வீடாவது நம் பக்கம் சாய்ந்து, திருட்டுத்தனமாக வந்து சாப்பிட்டுவிட்டுப் போயிருக்க வேண்டும். ஒருவரும் பொய் சொல்லவில்லை. எத்தனை முறை அழைத்தும் ஒருவரும் போனே எடுக்கவில்லை. கல்யாண வீட்டுக்கு எதையும் சொல்லக்கூடாது என்று ஒரு வம்சமே வாயைக் கட்டிக்கொண்டு உட்காருவது எப்போது?

தீட்டு வீடு வாயைத் திறக்காது. நல்ல காரியம் நடக்கும் இடத்துக்குச் சாவுச் செய்தி சொல்வது மகா பாவம் என்று நினைப்பவர்கள் அவர்கள்.

மாடிப்படிக்கு ஓடி, குமுதாவைப் போனில் அழைத்தாள். குமுதா தீவில் தம்புசாமி வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரி, விஷ்ணுப்ரியாவோடு ஒன்றாகப் படித்தவள். அந்த வம்சத்தைச் சேர்ந்தவளும் இல்லை.

"குமுதா, உண்மையச் சொல்லு. யாரு?"

"தாலி கட்டியாச்சா?" என்றாள் குமுதா.

"இன்னும் இல்ல. யாருன்னு சொல்லு."

"விடியக்காலையில, ப்ரியா. உங்க கல்யாணத்துக்குப் புதுச் சட்டய அயர்ன் பண்ணிக்கிட்டு இருந்தாராம். அப்படியே நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தவருதான். தம்புசாமி மாமா போயிட்டாரு."

கீழே கெட்டிமேளம் முழங்கியது. அக்காவின் கழுத்தில் தாலி ஏறிக்கொண்டிருந்தது.

"சாப்பாடு முடியிற வரைக்கும் உங்கப்பாவுக்குத் தெரியக்கூடாதுன்னு லோகேஸ் அக்கா எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கியிருக்காங்க," என்றாள் குமுதா. லோகேஸ்வரி மாமாவின் மூத்த மகள். "பஸ்காரர்கிட்டயும் போன எடுக்காதீங்கன்னு சொல்லிட்டாங்க. அம்பாங், செமினி எல்லாரும் இங்கதான் இருக்காங்க. காலையிலேருந்து ஒரு வீட்லயும் அடுப்பு மூட்டல. பிள்ளைங்க பசியில அழுவுது, ப்ரியா. நீ எதுவும் தெரியாத மாதிரி இரு, சரியா?"

அப்போதுதான் விஷ்ணுப்ரியாவுக்கு அந்தக் குரல்பதிவு நினைவுக்கு வந்தது. நீ செத்தாக்கூட!

படியில் விழாமல் எப்படி இறங்கினாளோ தெரியாது. "போட்டோ எடுக்கணும்பா, போன் குடுங்க" என்று அப்பாவின் பையிலிருந்து பிடுங்காத குறையாக எடுத்தாள். யாரும் கேட்பதற்கு முன் அழித்துவிட வேண்டும். வாட்ஸ்அப்பைத் திறந்தாள்.

இரண்டு நீலக் குறிகள். செத்துப்போன மனிதரின் போனில் யாரோ அதைக் கேட்டுவிட்டார்கள்.

ஐயோ என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அதே எண்ணிலிருந்து ஒரு பதில் குரல்பதிவு வந்து விழுந்தது. அதைத் தொட அவள் விரலுக்குத் துணிச்சல் இல்லை.

"யாரு, தம்புவா?" அப்பா பின்னால் வந்து நின்றிருந்தார். மாலை வாசனையோடு, தாலி ஏறிவிட்ட தளர்ச்சியோடு. "என்னவாம் அந்தத் தடியனுக்கு? போடு, கேப்போம்."

அவள் மறுப்பதற்குள் அவரே தொட்டுவிட்டார். லோகேஸ்வரியின் குரல். மூடிய காருக்குள் இருந்து பேசுவதுபோல் அமைதியாக இருந்தது.

"மாமா, லோகேஸ் பேசுறேன். அப்பாவுக்கு உடம்பு முடியல மாமா, படுத்திருக்காரு. அதான் நாங்க யாரும் நகர முடியல. மன்னிச்சிருங்க. நீங்க ஏசுனத அவருக்குப் போட்டுக் காட்டுனேன். சிரிச்சாரு மாமா. 'ரெங்கனாவது, வராம இருக்குறதாவது'ன்னாரு. ஹேமாவுக்கு எங்க ஆசீர்வாதம். சாப்பாடு முடிச்சிட்டு மெதுவா வாங்க."

கடைசிச் சொல்லில் மட்டும் குரல் லேசாகப் பிசிறியது. அப்பா அதைக் கவனிக்கவில்லை. முகத்தில் இருந்த கறுப்பெல்லாம் வடிந்து, சின்னப் பிள்ளைபோல் வெட்கப்பட்டார்.

"பாரு, நான் ஒரு முட்டாள். படுத்துக் கெடக்குறவனைப் போயி ஏசிட்டேன்," என்றார். "தம்புக்கு ஒரு பொட்டலம் கட்டச் சொல்லும்மா. பாயாசம் மறக்காம வைக்கச் சொல்லு. சாப்பாடு முடிஞ்சதும் நானே கொண்டு போறேன்."

விஷ்ணுப்ரியா தலையாட்டினாள். மண்டபத்தின் பின்கட்டுக்குப் போனாள். சமையல்காரர் மீந்துகிடக்கும் அண்டாக்களைப் பார்த்துக் கவலையோடு நின்றிருந்தார்.

"என்னம்மா உன் கணக்கு இப்படிக் கவுத்துருச்சு? இவ்ளோ சாப்பாட்டையும் என்ன பண்றது?"

"லோரியில ஏத்துங்க அண்ணே. கேரி தீவுக்குப் போகணும். பாயாசம் மட்டும் ஒரு பொட்டலம் போதும்."

"மத்ததெல்லாம் எத்தன பேருக்கு?"

"நூத்தி முப்பத்துநாலு," என்றாள். இந்த முறை ஒரு பிடி சோறுகூட மீந்துபோகாது என்று அவளுக்குத் தெரியும். எல்லாரும் வந்துவிட்டார்கள், வேறு வீட்டுக்கு.

கதவுக்கு அந்தப் பக்கம், மேடைக்குக் கீழே, அப்பா சம்பந்தியின் தோளில் கை போட்டுச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நான் ஏசுனதக் கேட்டுட்டு சிரிச்சானாம் சம்பந்தி. சிரிச்சானாம்."