கோபத்துக்கு மூன்று மாத்திரை

என் வீட்டுக்காரருக்குப் பிரஷர் என்று திருவள்ளூர் டாக்டர் தானியேல் சொன்னபோது, இவருக்கு உள்ளூர ஒரு பெருமைதான். எங்கள் ஊரில் அதுவரை அந்த வியாதி இருந்தது ரைஸ் மில் முனுசாமி ஒருவருக்கு மட்டும். மில் இல்லாமலேயே இவருக்கும் வந்துவிட்டது.

டாக்டர் இவரைப் பார்த்துச் சொல்லிப் பிரயோசனமில்லை என்று கண்டுகொண்டாரோ என்னவோ, என்னைப் பார்த்துத்தான் சொன்னார். "காலைல சாப்ட்டதும் ஒரு மாத்திரை. உடம்பு நல்லா இருந்தாலும் ஒன்னு. நான் சொல்ற வரைக்கும் நிறுத்தக் கூடாது. அதிகமாவும் போடக் கூடாது. உக்காந்த எடத்துலேந்து திடீர்னு எழுந்திருக்கக் கூடாது."

பஸ் ஸ்டாண்டு வருவதற்குள் இவர் அதைத் திருத்திவிட்டார். பிரஷர் என்றால் கோபம். கோபத்துக்குத்தான் மாத்திரை. கோபமில்லாத நாளில் எதற்கு? "இன்னிக்கு யாரும் நம்மள சீண்டல. ஏன் வீணாக்கணும்?" என்று டப்பாவை மூடிவிடுவார். சம்பந்தி வந்துபோன நாளில் ஒன்று போடுவார். தம்பி தணிகாசலத்தை வரப்பில் பார்த்துவிட்டால் ஒன்று.

தம்பி கதை இதுதான். பாகம் பிரித்தபோது நிலம் இரண்டாயிற்று, கிணறு ஒன்றாகவே நின்றது. மோட்டார் ஒரு நாள் இவர் முறை, ஒரு நாள் அவர் முறை. கரண்ட் யார் முறையையும் பார்க்காது, தன் இஷ்டத்துக்கு வரும், போகும். இவர் முறையில் கரண்ட் போனால் அந்த முறை மறுநாளைக்குத் தள்ளிப்போகும் என்பார் இவர். போனது போனதுதான் என்பார் தம்பி. தம்பி முறையில் போனால் இரண்டு பேரும் அப்படியே கட்சி மாறிக்கொள்வார்கள். இதற்காக மூன்று வருஷமாகப் பேச்சில்லை.

அறுபத்தொன்பதாம் வருஷம் பயிர் பால் பிடிக்கிற சமயத்தில் கிணறு பாதியாக இறங்கிவிட்டது. மில் களத்தில் பஞ்சாயத்து வைத்தார்கள். கிளம்பும்முன் இவர் டப்பாவைத் திறந்து மூன்று மாத்திரை எடுத்தார்.

"எதுக்குங்க மூணு?"

"தம்பிக்கு ஒன்னு. அவன் பொண்டாட்டி எல்லம்மா வாய் தொறந்தா அதுக்கு ஒன்னு. முனுசாமி ஞாயம் சொல்லுவான் பாரு, அதுக்கு ஒன்னு."

நான் கையைப் பிடிப்பதற்குள் விழுங்கிவிட்டார். கோபப்படாமல் பேசப்போகிறாராம். அதுவரைக்கும் நல்ல எண்ணம்தான்.

களத்தில் வெயில். எல்லோரும் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பேசியதையே பேசிக்கொண்டிருந்தார்கள். இவர் வாயே திறக்கவில்லை. ஊரே ஆச்சரியப்பட்டது. எனக்குத்தான் பயமாக இருந்தது. கடைசியில் எல்லம்மா, "மூத்தவருன்னா முழுங்கவே பொறந்தவரா?" என்று கேட்டாள். இவர் விசுக்கென்று எழுந்தார். ஒரு கையைத் தூக்கினார். அப்படியே குப்புற, நெடுஞ்சாண்கிடையாக, தம்பியின் காலடியில் விழுந்தார்.

முனுசாமிதான் முதலில் பேசினார். "மூத்தவன் செங்கல்வராயனே தம்பி கால்ல வுந்துட்டான். இதுக்கு மேல இன்னாய்யா ஞாயம் வோணும்?"

கொழுந்தனார் பதறிப்போய் இவரைத் தூக்கிப் பிடித்தார். முகம் வெளுத்துப்போய், "கரண்ட்டு போன மொற அண்ணனுக்கே. எனக்கு ஒன்னும் வாணாம்," என்றார். பஞ்சாயத்து முடிந்தது. பெண்கள் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான் இவரை வண்டியில் போட்டுத் திருவள்ளூருக்கு ஓட்டச் சொன்னேன். காலில் விழுந்த துக்கத்தில்தான் மயக்கம் என்று ஊர் நினைத்துக்கொண்டது.

"மூணா? ஒரேடியா போய்ச் சேரணுமா?" என்று டாக்டர் கத்தினார். ரத்த அழுத்தம் ஒரேயடியாக இறங்கி, எழுந்த வேகத்தில் தலை சுற்றியதாம். அன்று முழுக்கப் படுக்கவைத்தார். "நாளன்னிக்குலேந்து பழையபடி தெனம் ஒன்னே ஒன்னு. பயந்துகினு நிறுத்திட்டா அது இதைவிட மோசம். மூளைல ரத்தக் குழா வெடிச்சுடும்," என்றார்.

இவர் பயந்து நிறுத்தவில்லை. மானத்துக்காக நிறுத்தினார்.

"என்னைக் கண்டவன் கால்ல வுழ வெச்ச மாத்திரைய நான் தொடமாட்டேன்."

"நான் அவன் கால்ல வுழல, மயங்கித்தான் வுந்தேன்," என்று ஊரைக் கூட்டிச் சொல்லத் துடித்தார். சொன்னால் தண்ணீர் போய்விடும், பயிர் கருகிவிடும். அதனால் சொல்லவும் முடியவில்லை. டீக்கடைக்குப் போனால், "தம்பிகிட்ட தணிஞ்சு போனீங்களே, அது மனுசத்தனம்," என்று கை கொடுத்தார்கள். ஒவ்வொரு பாராட்டுக்கும் இவர் முகம் செங்கல் நிறமாகிக்கொண்டு வந்தது. பிடரி வலிக்கிறது என்றார். களிக்குள் மாத்திரையைப் பொதிந்து வைத்தேன். கண்டுபிடித்துக் களியோடு மாட்டுக்குப் போட்டார். மாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஒரு காலையில் இவருக்கு மூக்கில் ரத்தம் கொட்டியது. என் மாமனார் போனது அப்படித்தான். மூக்கில் ரத்தம், அன்று சாயங்காலமே கட்டை சாய்ந்துவிட்டது. நான் தாலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மாட்டுக் கொட்டகையில் நின்று அழுதேன். அழுகை கேட்டோ, யாராவது சொல்லியோ, கொழுந்தனார் கொல்லைப்புறமாக வந்து நின்றார்.

"இன்னா அண்ணி, மாத்திர போடமாட்டேன்றாராமே?"

"உங்கால்ல வுந்துட்டமேன்னு ரோசம். சொல்லிச் சொல்லி என் வாய் நோவுது தம்பி."

"என் கால்லயா? கண்ணு மேல சொருவிக்கினு வுந்தாரு. நான் எதுர்லதான குந்திக்கினு இருந்தேன்? என் கால்ல வுழுற ஆளா அவரு? பொறந்ததுலேந்து பாக்கறேன்."

"அப்பறம் எதுக்குத் தண்ணிய வுட்டுக் குடுத்த?"

அவர் மாட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "தூக்கும்போது தல தொங்கிப்போச்சு. பூட்டாருன்னு நெனச்சிட்டேன். அதுக்கப்பறம் கரண்ட்டு யாரு மொறைல போனா இன்னா, அண்ணி?"

அவர் போய்விட்டார். நான் உள்ளே ஓடினேன். இவர் ஈரத் துணியை மூக்கில் வைத்து அண்ணாந்து உட்கார்ந்திருந்தார்.

"உங்க தம்பி வந்தாரு. நீங்க அவரு கால்ல வுழலன்னு அவருக்குத் தெரியுமாம். அன்னிக்கே தெரியுமாம்."

"அவனே சொன்னானா?"

"அவரே சொன்னாரு."

"தெரிஞ்சுமா தண்ணி குடுத்தான்?"

"நீங்க செத்துட்டீங்கன்னு பயந்துட்டாராம்."

இவர் துணியால் மூக்கைத் துடைத்தார், அப்படியே கண்ணையும் துடைத்துக்கொண்டார். "டப்பாவ எடு. ஒன்னே ஒன்னு குடு," என்றார்.

கஞ்சி குடித்து, மாத்திரையை விழுங்கிவிட்டு, சொம்பை என் கையில் கொடுத்தார். "அவன் எங்க?"

"அப்பவே பூட்டாரே."

"மூணு வருசம் கழிச்சு ஊட்டுக்கு வந்தவன நாஷ்டாகூடக் குடுக்காம அனுப்பிட்டியா? அறிவிருக்குதாடி உனக்கு?" என்று கத்தினார். கோபப்படக் கூடாது என்று டாக்டரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. கத்தட்டும் என்று கேட்டுக்கொண்டு நின்றேன்.