முதலாளி மகளின் ஆராய்ச்சி

ஊரே சேர்ந்து ஒரே பொய்யைச் சொன்னால் என்னதான் செய்வது? மனோரமாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

சொந்தமாகத் தொழில் தொடங்கிய பெண்களைப் பற்றி ஆராய்ச்சி செய்ய, சென்னையிலிருந்து டேப் ரெக்கார்டரும் கையுமாகப் பிறந்த ஊரான பொதட்டூர்பேட்டைக்கே வந்திருந்தாள். தெரிந்த முகமென்றால் மனம்விட்டுப் பேசுவார்கள் என்ற நினைப்பு. எந்தத் தறி வீட்டுக்குப் போனாலும் கலர் சோடா வந்தது. கூடவே, "உங்க நைனா புண்ணியத்துல நல்லா கீறோம்மா" என்ற பதிலும் வந்தது. நைனா பரந்தாமன், ஊரில் பாதித் தறிகளுக்கு நூல் கொடுத்து லுங்கி வாங்கும் முதலாளி. மகளை விட்டு வேவு பார்க்கிறார் என்று ஊர் முடிவுகட்டிவிட்டது. இது அந்தப் படித்த பெண்ணுக்கு உறைக்க ஒரு வாரம் பிடித்தது.

மிச்சமிருந்தது கோமளவல்லி. போன ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலையடியில் அவள் தானே நெய்த மஞ்சள் துண்டுகளை விற்றதாகப் பேச்சு. இவளும் வாய் திறக்காவிட்டால் ஆராய்ச்சி அவ்வளவுதான். அவள் தறிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்ததுமே மனோரமா ரெக்கார்டரை அணைத்தாள்.

"அக்கா, நான் கேக்கல. நீங்க என்னைக் கேளுங்க."

கோமளவல்லி தறியை நிறுத்தினாள். "நாங்களே நெய்ஞ்சு வித்தா உங்க நைனாவுக்கு அடி. அவரு காசுலதான் நீ படிச்சுகினு கீற. நீ எந்தப் பக்கம்?"

ஆராய்ச்சிக்காரிக்குப் பக்கமே கிடையாது என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். வெட்கமாக இருந்தது.

"தெரியலக்கா. நைனா நொடிச்சுப்போனா எனக்குத் தாங்காது. நீங்க ஜெயிக்கணும்னும் இருக்குது. ரெண்டையும் அப்படியே எழுதிடறேன்."

கோமளவல்லி சிரித்துவிட்டாள். "ஆங், இது பேச்சு! மொட்ட போட்டவன் குளிச்சுட்டுத் தல தொவட்டத் துண்டு தேடுவான். அதான் யாவாரம். யோசன என் கூட்டாளியோடது. வளையல அடகு வச்சு நூல் வாங்கிக் குடுத்ததும் அவங்கதான்."

"யாருக்கா அது?"

"உங்கம்மா. 'எம் பொண்ணு வருவா, எந்தப் பக்கம்னு கேளு. மழுப்புனா எதுவும் சொல்லாத'ன்னாங்க."

மனோரமா வீட்டுக்கு ஓடினாள். கோபமா பெருமையா என்று அவளுக்கே விளங்கவில்லை. அம்மா பத்மா அடுப்படியில் குழம்பு கிளறிக்கொண்டிருந்தாள். மகள் ஓடிவந்து நின்ற வேகத்தைப் பார்த்ததும் அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. புடவைத் தலைப்பில் கையைத் துடைத்தபடி எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"ஊரெல்லாம் கேட்டுகினு வந்தியே, என்னைக் கேக்கணும்னு தோணவே இல்லியாடி?"