திருடனுக்கு முந்திக்கொண்டேன்

காரகோல் ஊரில், பஜாருக்குப் பின்தெருவில், வீட்டு முன்னறையில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவள் நான். பெயர் கனிஷாய். தெரியாத ஃபைலைத் திறக்காதீர்கள் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பதினோரு வருஷமாகத் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். கடைசியில் என் கம்ப்யூட்டரில் நானே ஒன்றைத் திறந்து தொலைத்தேன்.

அது ஒரு கல்யாண அழைப்பு. என் கணவரின் அண்ணன் ஜெக்ஷெனின் எண்ணிலிருந்து வந்தது, அவரை நாங்கள் பைகே என்று கூப்பிடுவோம். எங்கள் பக்கம் அழைப்பைத் திறக்காமல் விட்டால் அனுப்பியவர் ஆயுளுக்கும் மறக்கமாட்டார். நான் மரியாதைக்காகத் திறந்தேன் என்று சொன்னால் பொய். கோபத்தில் திறந்தேன். என் கணவர் தலந்த் இறந்து அப்போது எட்டு மாதம்கூட ஆகவில்லை. வருஷம் திரும்பி, இறந்தவருக்கான ஆஷ் விருந்து போடும்வரை அந்தக் குடும்பத்தில் கல்யாணம் கிடையாது, பாட்டு கிடையாது, நான் கறுப்பைக் கழற்றவும் கூடாது. அதற்குள் யாருக்கு என்ன அவசரம்? பெண் யார், தேதி என்ன என்று பார்த்துவிட்டு நறுக்கென்று நாலு வார்த்தை கேட்கத்தான் அழுத்தினேன். படம் போலத் தெரிந்த அந்த ஃபைலின் பெயருக்குப் பின்னால் என்ன வால் ஒட்டியிருக்கிறது, அது படம்தானா வேறு நிரலா என்று பார்க்கத் தோன்றவில்லை. தொழில் பழக வந்தவன்கூட முதலில் அதைத்தான் பார்ப்பான்.

எதுவும் திறக்கவில்லை. பைகேயைக் கூப்பிட்டுக் கேட்டால், கல்யாணமே இல்லை என்றார். அவருடைய கணக்கை எவனோ திருடி ஊருக்கெல்லாம் அதை அனுப்பிக்கொண்டிருந்தானாம். உடனே வைரஸ் சோதனை ஒன்றை ஓட்டினேன். எல்லாம் சுத்தம் என்று பச்சையில் வந்தது. வாடிக்கையாளரின் மெஷினாக இருந்தால் அந்தப் பச்சையை நம்பியிருக்க மாட்டேன். சொந்த மெஷின் என்பதால் நம்பினேன்.

அடுத்த மூன்று வாரம் மெஷின் எனக்குக் கைகாட்டிக்கொண்டேதான் இருந்தது. நான் ஒன்றும் செய்யாதபோது விசிறி இரைந்தது, தூசி என்றேன். மாத டேட்டா பாதியில் தீர்ந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் திருடுகிறார்கள் என்றேன். திரைக்கு மேலே கேமராவின் சின்ன விளக்கு இரண்டு முறை மினுக்கியது. அதற்கு மட்டும் எந்தச் சாக்கும் கிடைக்கவில்லை, ஆகவே பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

ஒரு வியாழக்கிழமை காலையில் என் ஃபைல்களின் பெயர்கள் கண்ணெதிரே ஒவ்வொன்றாக மாற ஆரம்பித்தன. நெட் கம்பியைப் பிடுங்கி எறிந்தேன். அதற்குள் பாதியைத் திறக்க முடியாதபடி பூட்டியாகிவிட்டது. திரையில் சிவப்புப் பக்கம், பிழை மலிந்த ரஷ்ய மொழியில். சனிக்கிழமை மதியத்துக்குள் பிட்காயினில் பணம் அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் ஃபைல்கள் போய்விடும், கூடவே ஒரு படம் என் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போகும். நான் நம்பவேண்டுமென்று அந்தப் படத்தை என் போனுக்கே அனுப்பியிருந்தான்.

நான்கு நிமிடப் படம். கறுப்பு உடுப்பில் நான், தலையில் துணி இல்லை, கூந்தல் அவிழ்ந்து கிடக்கிறது, பாட்டுப் போட்டுக்கொண்டு அறை முழுக்க ஆடுகிறேன். மூன்று நாள் மல்லுக்கட்டிய ஒரு செத்த டிஸ்க்கு உயிர் பிடித்த மத்தியானம் அது. வீட்டில் யாருமில்லை என்று நினைத்தேன்.

பூட்டுக்கு நான் பயப்படவில்லை. பூட்டிய ஃபைலின் புது வாலை வைத்து, இலவசச் சாவி எதுவும் வந்திருக்கிறதா என்று வேறொரு மெஷினில் தேடினேன், இல்லை. போகட்டும், அலமாரியில் கம்பி பிடுங்கிய நிலையில் தனி டிஸ்க்கில் நகல் இருந்தது, அது ஒன்றிலாவது ஊருக்குச் சொன்னதைச் செய்திருந்தேன். ஆனால் அந்தப் படம் என்னிடம் இல்லை, அவனிடம் இருந்தது. உலகத்திலிருக்கிற எந்தச் சோதனையும் அவனுடைய மெஷினைச் சுத்தம் செய்யாது. வருஷம் முடியாமல் ஆடிய விதவை. இதை என் மாமியார் எவன் வாயிலாவது கேட்டால்? வீடு அவர் பெயரில். முன்னறைக் கடையும் அவர் வீட்டில்தான். பதினான்கு வருஷம் என்னோடு ஒரே மேஜையில் டீ குடித்த மனுஷி முகத்தைத் திருப்பிக்கொண்டால் நான் தாங்கமாட்டேன். கடையெல்லாம் அதற்கப்புறம்தான்.

என்ன ஆனாலும் வேலை தெரியும். சுத்தமான பென்டிரைவிலிருந்து மெஷினை எழுப்பி, உள்ளே இருப்பதை வெளியிலிருந்து சோதித்தேன். ஃபைல்களைப் பூட்டிய வைரஸைத் தவிர இன்னொருவனும் இருந்தான். பிரிண்டருடைய பெயரை வைத்துக்கொண்டு, மெஷின் எழும்போதெல்லாம் கூடவே எழுகிறவன். தேதியைப் பார்த்தேன், அந்தக் கல்யாண அழைப்பு வந்த நாள். என் வீட்டில் மூன்று வாரம் ஓசியில் குடியிருந்திருக்கிறான். வேரில் கொஞ்சம் மிச்சமிருந்தாலும் திரும்பி முளைப்பான் என்பதால், தனியாகப் பிடுங்காமல் டிஸ்க்கையே முழுக்க அழிக்கப் போட்டேன்.

அது ஓடிக்கொண்டிருக்கும்போது பைகே வந்து நின்றார். சாம்பிளாக ஒரு காட்சியைத் திருடன் அவருக்கும் அனுப்பியிருக்கிறான். மாமியார் குமிஷ், நான் அபா என்று கூப்பிடுகிறவர், டீ ஊற்றிக்கொண்டிருந்தார். பைகே உட்காரக்கூட இல்லை. பழைய படம் என்று சொல்லிவிடலாம் என்றார். கறுப்பு உடுப்பு தெரிகிறதே என்றேன். அப்படியென்றால் சொந்தக்காரர்கள் எல்லோரும் பங்கு போட்டுப் பணத்தைக் கட்டிவிடலாம் என்றார்.

"கட்டினா அவன்கிட்ட இருக்கறது கரைஞ்சா போயிடும் பைகே? அடுத்த மாசமும் வருவான். ஆயுசு பூரா அவனுக்கு நான் வேலைக்காரியா இருக்கணும்."

"உனக்கென்னம்மா, உங்கப்பன் வீட்டுக்குப் போயிடுவ. நாங்கதானே இந்தத் தெருவுல தலை நிமிந்து நடக்கணும்."

மனசில் இருந்ததைச் சொல்லிவிட்டார். அபா டீக்குவளையைக் கீழே வைத்தார்.

"என்ன படம் அது? எனக்குக் காட்டு."

பைகே தடுத்தார். நான் போனை அபாவின் கையில் கொடுத்தேன். நான்கு நிமிடமும் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி முதலிலிருந்து பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அழுகையில் புத்தி பேதலித்து ஆடினேன் என்று சொல்லியிருக்கலாம். பைகேகூட அதை ஏற்றுக்கொண்டிருப்பார்.

"அன்னைக்கு எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு, அபா. அந்த நாலு நிமிஷம் அவர் நெனப்பே வரல. அதான் நெசம்."

அபா வாய் திறக்கும்வரை காத்திருந்தால் எனக்குத் தைரியம் போய்விடும். போனைத் திரும்ப வாங்கி, நூற்று நாற்பது பேர் இருக்கிற எங்கள் குடும்பக் குழுவில் நானே அந்தப் படத்தைப் போட்டேன். கீழே எழுதினேன்: இது நான்தான், தலந்தின் மனைவி, போன மாதம், என் வீட்டில். இதைக் காட்டி ஒரு திருடன் பணம் கேட்கிறான். யாரும் ஒரு பைசா அனுப்பாதீர்கள். கல்யாண அழைப்பு என்று எந்த ஃபைல் வந்தாலும் தொடாதீர்கள், அனுப்பியவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

பைகே தலையில் கை வைத்துக்கொண்டார். "குடும்ப மானத்தை நீயே கப்பலேத்திட்டியே," என்றார்.

அபா என்னிடமிருந்து போனைக் கேட்டார். குழுவில் குரலைப் பதிவு செய்ய எதை அழுத்த வேண்டும் என்று கேட்டார். அழுத்திக் கொடுத்தேன்.

"நான் குமிஷ் பேசறேன். தலந்தோட அம்மா. அவ ஆடின வீடு என் வீடு. யாருக்காவது ஏதாவது பேசணும்னா போன்ல பேசாதீங்க. இங்க வந்து என் மூஞ்சியப் பாத்துப் பேசுங்க. டீ போட்டு வெக்கிறேன்."

மகனைப் பார்த்து, உட்கார்ந்து டீ குடிக்கிறதானால் குடி, இல்லாவிட்டால் கதவைச் சாத்திவிட்டுப் போ, குளிர் வருகிறது என்றார். பைகே போய்விட்டார். இன்றுவரை என்னோடு பேச்சில்லை. குழுவிலிருந்து ஏழு பேர் விலகினார்கள், இரண்டு சித்திமார் அபாவுக்குப் போன் செய்து அழுதார்கள். முகத்தைப் பார்த்துப் பேச ஒருவரும் வரவில்லை.

மறுநாள் முழுக்க மெஷினுக்குப் புது உயிர் கொடுத்தேன். கடவுச்சொற்களை எல்லாம் வேறு மெஷினிலிருந்து மாற்றினேன். நகலைச் சோதித்தபின் ஃபைல்களைக் கொண்டுவந்தேன். கேமராவின் மேல் கறுப்பு டேப் ஒட்டினேன். சனிக்கிழமை மதியம் அவன் சொன்ன சொல் தவறாமல் எல்லோருக்கும் படத்தை அனுப்பினான். பால்க்சியில் இருக்கிற மாமா ஒருவர், வியாழக்கிழமையே பார்த்தாகிவிட்டது, வேறு ஏதாவது இருந்தால் அனுப்பு என்று அவனுக்குப் பதில் போட்டாராம். அதற்குப் பிறகு அவனிடமிருந்து சத்தமில்லை.

அபாவும் இரண்டு நாளாக என்னிடம் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை முன்னறைக்கு வந்து, நான் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

"எட்டு மாசமா இந்த வீட்ல அவனோட சேத்து ரெண்டு பேர் செத்துட்டாங்கன்னு நெனச்சிட்டிருந்தேன்," என்றார். "ஆஷ் முடியிற வரைக்கும் கறுப்பக் கழட்டாத. ஆடறதுன்னா ஆடு."