வேனுக்குள் கேட்ட டொக் டொக்

அக்காவும் தங்கையும் நடத்தும் மெக்கானிக் கடைக்கு ஒரு பழைய வேன் வந்தது, கண்ணுகளா. சாயங்காலம் எங்கள் ராக் குழுவின் முதல் கச்சேரி, அதற்குள் பிரேக்கைச் சரிசெய்து கொடுங்கள் என்று ஐந்து இளசுகள் விட்டுப் போனார்கள்.

தங்கைக்குப் பாம்புக் காது. பிரேக்கை முடித்துவிட்டு, ஒரு வட்டம் ஓட்டிப் பார்க்க வண்டியைக் கிளப்பினாள். டொக் டொக்கென்று சத்தம். "இன்ஜின்தான்கா!" என்று உடனே அணைத்து, பாதி இன்ஜினைக் கழற்றித் தரையில் பரப்பிவிட்டாள். கோளாறு எதுவும் அகப்படவில்லை.

ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட அக்கா சாவியைத் திருப்பினாள். பாதி இன்ஜின் தரையில் கிடக்க, மறுபடி டொக் டொக்!

"அடிப்பாவி, பாட்டுப் பெட்டிடி அது!"

தட்டலுக்குப் பின்னால் கிட்டார் பாய்ந்து வந்தது. ஒரு பெண்குரல் கூரையைப் பிய்த்தது. தங்கைக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"யாருக்கா இது? கேட்டதே இல்லையே!"

"கச்சேரிக்கு நேரமாச்சு, முதல்ல மாட்டுடி!"

அதே பாட்டைத் திரும்பத் திரும்ப அலறவிட்டு, அந்தத் தாளத்துக்கே திருகித் திருகி மாட்டி முடித்தார்கள். ஐவரும் ஓடி வந்தார்கள்.

"பிரேக்குக்கு இவ்ளோ நேரமாக்கா?" என்றாள் ஒருத்தி. அதே குரல்!

"உன் பாட்டால வந்த வேலை! அந்த டொக் டொக்கு எதுல தட்டினீங்க?"

"இந்த வேன் கதவுலதான். எங்க பாட்டை இதுவரை யாருமே கேட்டதில்லக்கா. இன்னிக்காவது யாராச்சும் வருவாங்களான்னு பயமா இருக்கு."

தங்கை கிரீஸ் கையோடு கதவில் டொக் டொக்கென்று தட்டினாள்.

"தள்ளி உக்காரும்மா. ரெண்டு பேர் வந்தாச்சு!"