ஃப்ரீசருக்குள் நான்கு புஷ்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அக்கா கறாராகச் சொல்லிவிட்டாள்.

"திங்கக்கிழமை நான் வரல. இனிமே வரவே மாட்டேன்."

இடுப்பெலும்பில் கட்டி. இருபது தடவை கதிர்வீச்சு கொடுக்க வேண்டும், நடுவில் நிறுத்தவே கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஒன்பதுதான் முடிந்திருந்தது.

"ஏன்க்கா இப்படிப் பண்ற?"

"நான் ஒண்ணும் பண்ணல, உன் வண்டிதான் பண்ணுது. ஒவ்வொரு வேகத்தடையிலயும் டொக்கு டொக்குன்னு இடிக்குது. எனக்கு உயிர் போய்ட்டு வருது. அதைச் சரி பண்ணு, வரேன்."

எனக்குச் சுருக்கென்றது. நான் கண்ணாடி வெட்டுகிறவன். ஆளுயரக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்க் கீறல் இல்லாமல் இறக்குவேன். அக்காவைத்தான் இடித்துக்கொண்டு போயிருக்கிறேன். வாடகைக் காரில் அவளால் உட்கார முடியாது. என் வண்டியில்தான் பின்சீட்டைக் கழற்றிவிட்டு மெத்தை விரித்திருந்தேன்.

வண்டிக்கு அடியில் தவழ்ந்து பார்த்தேன். முன்சக்கரங்களைப் பிடித்திருக்கும் இரண்டு இரும்புக் கைகளிலும் அதிர்வைத் தாங்கும் ரப்பர் புஷ்கள் பிய்ந்து தொங்கின. மெக்கானிக் புதன்கிழமைதான் ஆகும் என்றார். எனக்குத்தான் மூக்குக்கு மேல் கோபம் வருமே, நானே மாற்றிக்கொள்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன்.

உதிரிபாகக் கடைக்காரர் நான்கு புதிய புஷ்களை எடுத்துக் கொடுத்தார். "ராத்திரி பூரா ஃப்ரீசர்ல வைங்க சார், கொஞ்சம் சுருங்கும், சுலபமா உள்ள போகும். அப்புறம் முக்கியமான விஷயம், கடைசியா போல்ட்டை முறுக்கும்போது..."

"தெரியும், தெரியும்" என்று கிளம்பிவிட்டேன். எனக்கு ஒன்றும் தெரியாது.

காலையில் இடுப்புக்கு ஐஸ் பை எடுக்க ஃப்ரீசரைத் திறந்த அக்கா கத்தினாள். "டேய், என்னடா இது? பொரிக்கிறதா, வேக வைக்கிறதா?"

அவள் சிரித்துப் பல நாள் ஆகியிருந்தது. சிரித்த வேகத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். நான் ஐஸ் பையை எடுத்துக் கொடுத்தேன்.

சனிக்கிழமை முழுக்க மல்லுக்கட்டினேன். ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, துருப்பிடித்த போல்ட்டுகளோடு மன்றாடி, இரண்டு இரும்புக் கைகளையும் வெளியே எடுப்பதற்குள் என் முழங்கை தோலுரிந்துவிட்டது. பழைய புஷ் வருவேனா என்றது. ரம்பத்தால் அறுத்துத்தான் எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை புதியவற்றை வைஸ் இடுக்கியில் வைத்து அழுத்தி இறக்கினேன். எல்லாவற்றையும் மாட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கிவிட்டு நிமிர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஏதோ உறுத்தியது. வெட்கத்தை விட்டுக் கடைக்காரருக்குப் போன் போட்டேன்.

"முறுக்கும்போது ஏதோ சொல்ல வந்தீங்களே..."

"சக்கரம் தொங்கும்போதே முறுக்கிட்டீங்களா? போச்சு. வண்டியைத் தரையில நிக்க வச்சுதான் சார் முறுக்கணும். இல்லைன்னா எடை ஏறினதும் ரப்பர் திருகிக்கிட்டே நிக்கும். சும்மா நின்னாக்கூட வலிதான் அதுக்கு. பத்து நாள்ல கிழிஞ்சிடும்."

எல்லாப் போல்ட்டையும் தளர்த்தினேன். வண்டியை இறக்கி நிறுத்தி, அதன் அடியில் ஒருக்களித்துப் படுத்து ஒவ்வொன்றாக மறுபடி முறுக்கினேன். ஜன்னலிலிருந்து அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

திங்கட்கிழமை அவளை மெத்தையில் படுக்க வைத்துக் கிளம்பினேன். முதல் வேகத்தடையில் வண்டி பூப்போல ஏறி இறங்கியது. ஒரு சத்தம் இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டாவது தடையில் பின்னாலிருந்து மெல்லிய முனகல் ஒன்று கேட்டது. அடுத்ததிலும் கேட்டது. அப்புறம் வேகத்தடையே இல்லாத வழவழப்பான சாலையிலும் கேட்டது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை நாளும் அவள் அந்த டொக்குச் சத்தத்துக்குள்தான் முனகிக்கொண்டிருந்திருக்கிறாள். வலி வண்டியில் இல்லை. ஸ்பேனர் போட்டு முறுக்க அங்கே எனக்கு எதுவும் இல்லை.

ஆஸ்பத்திரி வாசலில் கதவைத் திறந்தேன். வேர்வையில் அக்காவின் முகமெல்லாம் நனைந்திருந்தது. என் முழங்கைக் காயத்தை ஒரு விரலால் தொட்டாள்.

"நல்லா பண்ணியிருக்கடா. வண்டி அலுங்கல, குலுங்கல."

"வலிச்சுதாக்கா?"

"சத்தமே இல்லையே, அப்புறம் என்ன வலி?"

"வேணாம்னா விட்டுடலாம்க்கா." என் வாயிலிருந்துதான் அது வந்தது.

"சரி பண்ணா வரேன்னு சொன்னேன்ல? இன்னிக்குப் போனா இன்னும் பத்துதானே. வரேன்."

மறுநாள் எனக்கு முன்பே அவள் தயாராகி, சுவரைப் பிடித்தபடி வாசலில் நின்றாள். நான் கூப்பிடாமலே. அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை. வண்டியை எடுத்ததும் ரேடியோவைப் போட்டேன். யாரோ எதையோ பாடினார்கள்.

கொஞ்ச தூரம் போனதும் பின்னாலிருந்து அக்கா கேட்டாள்.

"இன்னும் கொஞ்சம் சத்தமா வைடா."

வைத்தேன்.