அக்கா ஒரு தடவைதான் அமுக்குவார்

அக்கா என்று நான் சொல்வது என் கணவரின் அண்ணன் மனைவியை. ஒரே வீட்டுக்கு மருமகள்களாக வந்தோம். ஒரே அடுப்படியில் முட்டி மோதினோம். புருஷன்மாரை ஒருவர் பின் ஒருவராக வழியனுப்பிவிட்டு, இப்போது இந்த முதியோர் இல்லத்தில் அடுத்தடுத்த அறையில் உட்கார்ந்திருக்கிறோம். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் இருமினால் இந்தப் பக்கம் எனக்குத் தொண்டை வலிக்கும்.

இங்கே ஒவ்வொரு கட்டிலுக்குப் பக்கத்திலும் சுவரில் ஒரு சின்னப் பெட்டி. அதிலிருந்து தொங்கும் ஒயரின் நுனியில் ஒரு பொத்தான். அமுக்கினால் பெட்டியில் சிவப்பு விளக்கு எரியும்; தாழ்வாரத்து நர்ஸ் மேசையில் மணி அடிக்கும். விளக்கு கால் மணி நேரத்தில் தானாக அணைந்துவிடும். நான் அமுக்கினால் டக்டக்டக்கென்று கதவு திறக்கிற வரைக்கும் அமுக்குவேன். அதனால் எனக்கு ‘அவசரம்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். “அவசரம் கூப்பிடுது, போடி” என்று நர்ஸ் பெண்கள் பேசிக்கொள்வது என் காதில் விழாமல் இல்லை. விழட்டும், ஆள் வந்தால் சரி.

போன மாதம் ஒரு மதியம், சாப்பிட்டுவிட்டு எல்லோரும் கண் அயர்ந்த நேரத்தில், அக்கா குளியலறைக்குப் போகும் வழியில் வழுக்கி விழுந்துவிட்டார். தேநீர் கொண்டுபோன பெண்தான் பார்த்தாள். கட்டிலோரம் தரையில் கிடந்தார், கையில் பொத்தான். இடுப்பு எலும்பு போய்விட்டது.

“மணி அடிச்சேனே” என்றார் அக்கா.

மேசையில் இருந்த நர்ஸ் பெண் அழுதுவிட்டாள். “சத்தியமா அடிக்கல மேடம். நான் எழுந்திருக்கவே இல்ல.” மேனேஜர் அம்மா கம்ப்யூட்டரைப் பார்த்தார். அன்றைக்கு அந்த அறையிலிருந்து எந்த அழைப்பும் பதிவாகவில்லை. அதற்கு முன்னாலும் இரண்டொரு தடவை, “கூப்பிட்டேன், யாரும் வரல” என்று அக்கா சொல்லியிருந்ததை எல்லோரும் இப்போது நினைவுபடுத்திக்கொண்டார்கள்.

ஒயர் தம்பி வந்தான். இந்தக் கட்டடத்தின் கம்ப்யூட்டர், டெலிபோன், மணி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்பவன். மாடிப்படிக்குக் கீழே ஓர் அலமாரியில் ஸ்விட்ச் என்று ஒரு பெட்டி வைத்திருக்கிறான். விளக்குப் போடுகிற ஸ்விட்ச் இல்லை, எல்லா அறை ஒயர்களும் வந்து சேருகிற பெட்டி. அண்மையில்தான் புதிதாக மாற்றியிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் அக்கா இருந்தபோது அவன் அந்த அறையில் பொத்தானை அமுக்கி அமுக்கிப் பார்த்தான். அடித்தது. ஒயரை மாற்றினான். அடித்தது. ஸ்விட்சில் அக்காவின் ஒயரைப் பிடுங்கி என்னுடைய ஓட்டையில் செருகினான். அதிலும் அடித்தது.

“பெட்டியில ஒரு கோளாறும் இல்லம்மா” என்றான்.

பெட்டியில் இல்லை என்றால் பின்னே எங்கே? மேனேஜர் அம்மா அக்காவின் மகனுக்கு போன் போட்டார். “கொஞ்சம் தடுமாற்றம் ஆரம்பிச்சிருக்கு சார். அமுக்காமலே அமுக்கினதா நம்புறாங்க. மாடியில வச்சுப் பாத்துக்கறது நல்லது.”

மாடி என்றால் ஞாபகம் தப்பியவர்கள் இருக்கும் இடம். எண் போட்டால்தான் கதவு திறக்கும். உள்ளே இருப்பவர்களுக்கு அந்த எண்ணைச் சொல்லமாட்டார்கள். அக்காவுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. என் கல்யாணத்தில் நான் யாரிடம் கோபித்துக்கொண்டேன் என்பது வரைக்கும் ஞாபகம் இருக்கிறது. அவர் அங்கே போய் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும்.

“பையன் சொன்னா போறேன். அவனுக்கு எதுக்குக் கஷ்டம்?” என்றார், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று.

“உங்க வாயில என்ன கொழுக்கட்டையா? எனக்கு ஒண்ணுமில்லன்னு சொல்ல வேண்டியதுதானே!”

“சொன்னேனே. ஒரு தடவ சொன்னேன்.”

மகன் வருவதாகச் சொன்ன நாளில், ஆபீஸ் பிரிண்டரைப் பார்க்க ஒயர் தம்பி வந்திருந்தான். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

“அம்மா, விடுங்க, எனக்கு இன்னும் நாலு இடத்துல வேலை இருக்கு. அன்னிக்கே பாத்துட்டேனே.”

“நீ அமுக்கிப் பாத்தே. அவங்க அமுக்கி நீ பாத்தியா?”

அவன் பெருமூச்சு விட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தான். “சரி, அமுக்குங்கம்மா.”

அக்கா பொத்தானை எடுத்தார். ஒரு தடவை அமுக்கினார். சிவப்பு விளக்கு எரிந்தது. பொத்தானைப் போர்வை மேல் வைத்துவிட்டுக் கைகளைக் கோத்துக்கொண்டார்.

யாரும் வரவில்லை. தாழ்வாரத்தில் மணிச் சத்தமும் இல்லை. தம்பி பழக்க தோஷத்தில் பொத்தானை எடுக்கக் கை நீட்டினான். பாதியில் கை நின்றது.

“நீங்க ஏம்மா மறுபடி அமுக்கல?”

“ஒரு தடவ கூப்பிட்டாச்சே. திரும்பத் திரும்ப அமுக்கினா அந்தப் பொண்ணு பதறிடும். அவளுக்கு எத்தனை பேரு.”

அவன் எழுந்து மாடிப்படிக்கு ஓடினான். திரும்பி வந்தபோது மடிக்கணினி திறந்தபடியே கையில் இருந்தது, முகம் வெளுத்திருந்தது. நான்தான் உலுக்கிக் கேட்டேன்.

“புது ஸ்விட்சும்மா. ஒரு மணி நேரம் பேசாம இருக்கிற பெட்டிய அது ஆள் இல்லைன்னு கணக்குல இருந்து எடுத்துடுது. அப்புறம் பெட்டி வாயத் திறந்தா, முதல்ல யாருன்னு விசாரிச்சு உள்ள சேக்குது. அந்த முதல் கூப்பிடு அதுலயே தொலைஞ்சுபோகுது. ரெண்டாவது தடவ அமுக்கினாத்தான் மேசைக்குப் போகும். நாங்க எல்லாரும் நாலஞ்சு தடவ அமுக்கித்தான் பாப்போம். அதான் தெரியல.” பிறகு தலையைக் குனிந்துகொண்டான். “ஸ்விட்ச மாட்டினது நான்தாம்மா. இப்பவே சரி பண்ணிடறேன்.”

“இப்ப வேண்டாம்.”

“என்னம்மா சொல்றீங்க? ஆபத்து!”

“மத்தவங்க எல்லாருக்கும் பண்ணு. இந்த ஒண்ண மட்டும் விட்டு வை. அவங்க மகன் வர வரைக்கும் இந்த நாற்காலிய விட்டு நான் அசைய மாட்டேன்.”

அவன் அக்காவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், போனான்.

இரண்டு மணி நேரம் யாரும் அந்தப் பொத்தானைத் தொடவில்லை. பிறகு மகன் வந்தான், மாடிக்குத் துணிகளை எடுத்துப்போக ஒரு காலிப் பையோடு. நல்ல பிள்ளைதான். அம்மாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். அலமாரியைத் திறந்தான்.

“பையைக் கீழ வைப்பா” என்றேன். “அந்தப் பொத்தானை அமுக்கு.”

“எதுக்கு சித்தி? தண்ணி வேணுமா?”

“அமுக்கு. ஒரே ஒரு தடவ.”

அமுக்கினான். விளக்கு எரிந்தது. வாசலைப் பார்த்தான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் பார்த்தான்.

“என்ன, யாரையும் காணோம்?” பொத்தானிடம் கை போனது. அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

“உங்கம்மா மாதிரி இரு.”

வெளியே தள்ளுவண்டி ஒன்று உருண்டு போனது. யாரோ சிரித்தார்கள். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அவன் நெற்றியில் வேர்வை.

“வருவாங்கப்பா” என்றார் அக்கா கட்டிலிலிருந்து. “வேலையா இருப்பாங்க.”

அதைக் கேட்டதும் அவன் உட்கார்ந்துவிட்டான். தம்பி சொன்னதை எனக்குத் தெரிந்த வார்த்தையில் சொன்னேன். அவனுக்கு முழுசாகப் புரிந்ததோ இல்லையோ, அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“எவ்வளவு நேரம்மா கிடந்தே?”

“கடிகாரம் தெரியலப்பா. சன்னல் வெயில் கட்டில் காலுக்கு வந்து, அப்புறம் சுவருக்குப் போச்சு.”

“மறுபடி அமுக்கியிருக்கலாமேம்மா.”

“விளக்கு எரிஞ்சுதே. கேட்டிருக்கும்னு இருந்தேன்.”

அவன் அழுதான். அக்கா அவன் தலையைத் தடவவில்லை. சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேனேஜர் அம்மா வந்தார், தம்பியும் வந்தான். மாடிப் பேச்சு அத்தோடு முடிந்தது. அக்கா இனி நடக்கப்போவதில்லை என்று டாக்டர் முன்பே சொல்லியாயிற்று. அதைத் திருப்ப எந்த ஸ்விட்சிலும் வழி இல்லை.

சரிசெய்த பிறகு தம்பி அக்காவிடம் சொன்னான். “இனிமே நீங்க கூப்பிடலன்னாலும், நான் இருக்கேன் நான் இருக்கேன்னு பெட்டி அப்பப்ப சொல்லிக்கிட்டே இருக்கும்மா. ஸ்விட்ச் மறக்காது. ஒரு தடவ அமுக்கிப் பாருங்க.”

அக்கா ஒரு தடவை அமுக்கினார். தாழ்வாரத்தில் மணி அடித்தது. அன்று அழுத அதே நர்ஸ் பெண் மூச்சிரைக்க ஓடி வந்து நின்றாள்.

“என்னம்மா? என்ன வேணும்?”

“ஒண்ணுமில்லடா. சும்மா பாத்தாங்க. உன்ன ஓட வச்சுட்டேன், மன்னிச்சுக்கோ.”

மகன் காலிப் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.