முதலில் பார்க்கும் முகம்

வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே சாரல் விழுந்தது. மலையிலிருந்து இறங்கி வந்த ஆனி மாதத்துச் சாரல். நனைக்காது. தொட்டுப் பார்க்கும். தொட்டுவிட்டு ஓடும்.

செங்கோட்டைத் தெருவே மினுங்கியது. வாசலில் நின்ற உலகுவின் முகமும்.

உலகம்மாள் என்பது முழுப்பெயர். தென்காசிக் கோயில் அம்மனின் பெயர். கூப்பிடுகிறவர்களுக்கு உலகு. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள்.

தாய் இல்லாத தாய்வீடு. அப்பா கோமதிநாயகம் மட்டும் இருக்கிற வீடு.

அவளைப் பெற்ற அன்றே அம்மா ஆவுடையம்மாள் போய்விட்டாள். உலகுவுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். சிறுபிள்ளையாக இருந்தபோது கல்யாண வீட்டுப் பந்தியில் யாரோ சொன்னார்கள், "பெறந்ததும் தாய முழுங்குன பிள்ள." அன்றைக்கு இலையில் இருந்த லட்டை அவள் தொடவில்லை.

அதன்பிறகு எந்தப் பிறந்தநாளுக்கும் மிட்டாய் வாங்கவில்லை.

இப்போது பிள்ளை உள்ளே துள்ளுகிறது. கை தானாகப் போய் அமர்த்துகிறது. சும்மா இரு. சும்மா இரு. சந்தோஷப்பட்டால் எதுவோ எட்டிப் பார்த்துவிடும் என்பதுபோல.

திருப்பூரிலிருந்து கணவன் ஐயப்பன் போனில் பாட்டுப் பாடுவான். பிள்ளைக்கு. அவள் போனை வயிற்றோடு சேர்த்துப் பிடிப்பாள். அவன் பாடுவான், கொஞ்சுவான், சண்டை போடுவான். அவள் மட்டும் பிள்ளையிடம் ஒரு சொல் பேசியதில்லை.

அப்பாவுக்குப் பரோட்டாக் கடை. அன்று காலையில் அவர் மாவு பிசைந்துகொண்டிருந்தார். உலகு பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளை ஓங்கி ஒரு உதை விட்டது. சேலைக்கு மேலேயே தெரிந்தது.

அவள் கை அவசரமாக அங்கே போயிற்று. அப்பா பார்த்துவிட்டார்.

"ஏம்மா அமுக்குத? ஆடட்டும், விடு."

அந்த ஒரு சொல். விடு. எத்தனையோ வருஷமாக அடைத்துக் கிடந்தது அதில் உடைந்துவிட்டது.

"அப்பா... அம்மா என்னையப் பாத்தாளா?"

மாவில் இருந்த கை நின்றது.

"என்ன கேக்க?"

"சாகுறதுக்கு முந்தி. என்னையப் பாத்தாளா, பாக்கலையா?"

அவர் அவளையே பார்த்தார். பிறகு, நம்பவே முடியாதவராக, மெல்லச் சிரித்தார்.

"பாக்காமலா? காலையில பெறந்த. சாயந்தரம் வரைக்கும் நெஞ்சுமேலேயே போட்டிருந்தா. என் கையில தரமாட்டேன்னுட்டா. 'எம் மூக்கு, எம் மூக்கு'ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சா. அதுக்குப் பெறகுதாம்மா ரத்தம் நிக்காமப் போச்சு."

சாரல் கூரைத் தகரத்தில் பொடிப்பொடியாக விழுந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் புறப்படும்போது என்ன செஞ்சா தெரியுமா? வலியோட நின்னு கல்யாணப் பட்டு எடுத்துக் கட்டுனா. நான் சத்தம் போட்டேன். 'மொதமொதல்ல என் முகத்தத்தான பாக்கப்போகுது, நான் நல்லா இருக்க வேண்டாமா'ன்னா. பூ வைக்காம வண்டியில ஏறமாட்டேன்னு நின்னுட்டா."

"ஏம்ப்பா இத்தன நாளும் சொல்லல?"

"நீ கேக்கல. எனக்கும் வாய் வரல."

"நான் வந்ததாலதான அவ..."

"நீ வந்ததாலதான் அவ அப்படிச் சிரிச்சா. அந்த மாதிரி அவ சிரிச்சு நான் பாத்ததே இல்ல." மாவு அப்பிய கையாலேயே கண்ணைத் துடைத்தார். முகமெல்லாம் வெள்ளை.

உலகு அழுதாள். அப்பாவின் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். இரண்டும் ஒன்றாக வந்தன.

வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு முதன்முதலாகப் பிள்ளையிடம் பேசினாள். "ஏய். நான்தான். உங்க அம்மா." உள்ளே ஒரு புரளல். ஐயோ, கேட்டுவிட்டது! இத்தனை நாளும் கேட்டுக்கொண்டுதான் இருந்ததா?

அப்புறம் வாய் ஓயவில்லை. மலையைச் சொன்னாள். அருவியைச் சொன்னாள். அப்பன் பாடினால் சுருதி சேராது, பொறுத்துக்கொள் என்றாள். உனக்கு யார் மூக்கு, யார் மூக்கு என்று கேட்டுக் கேட்டு அவளே சிரித்தாள்.

மருத்துவரிடம் போனபோது, மாதக்கணக்காகக் கேட்கப் பயந்ததைக் கேட்டாள். அம்மாவுக்கு நடந்ததைச் சொன்னாள். அவர் முழுதும் கேட்டார். "சொன்னது நல்லதாப் போச்சு. ரத்தம் தயாரா வச்சிருப்போம். பக்கத்துலயே இருப்போம்" என்றார்.

பயம் போய்விடவில்லை. ஆனால் ஓரமாக ஒதுங்கி உட்கார்ந்துகொண்டது. நடுவீட்டில் வேறொன்று வந்து நின்றது. திருவிழாவுக்கு முந்தின நாள் போல ஒன்று.

பீரோவைத் திறந்து சேலைகளைக் கட்டிலில் பரப்பினாள். நீலமா? மாம்பழ மஞ்சளா? போனில் ஐயப்பனைக் கேட்டாள். "எது கட்டுனாலும் பிள்ள அழத்தான் போகுது" என்றான். மஞ்சள்.

வலி ஒரு விடிகாலையில் வந்தது. அவள் மஞ்சள் சேலை கட்டினாள். பூ வைத்தாள். அப்பா ஆட்டோவைக் கொண்டுவந்து நிறுத்தி, வாசலில் நின்று தவித்தார். "ஏம்மா, வாம்மா!" கண்ணாடியில் பொட்டைச் சரிசெய்த மகளைப் பார்த்ததும் அவர் அவசரப்படுத்துவதை விட்டுவிட்டார்.

ஆட்டோ முழுக்க அவள் பல்லைக் கடித்தாள். வலி இறங்கும் இடைவெளியில் எல்லாம் சிரித்தாள். வருது, வருது, வருது.

ஆஸ்பத்திரியில் சேலையைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள். பச்சை அங்கி. பூவும் போயிற்று. அப்புறம் வலி. வலி. அலை மேல் அலை. கத்தினாள். நர்ஸின் கையைப் பிறாண்டினாள். பொட்டு வேர்வையில் கரைந்து மூக்கில் இறங்கியது.

பிறகு ஒரு அழுகை. அவளுடையது அல்ல.

வெளியே நர்ஸ் வந்தபோது அப்பா எழுந்தார். "எம்மவ?"

"நல்லா இருக்காங்க. பேத்தி பொறந்திருக்கா. ரத்தப்போக்கும் கட்டுக்குள்ளதான் இருக்கு. உங்க மக பரோட்டா கேக்காங்க. இட்லிதான் தரணும், சொல்லிட்டேன்."

அவர் வராந்தாவிலேயே உட்கார்ந்து சத்தமாக அழுதார். பஸ்ஸை விட்டிறங்கி ஓடிவந்த ஐயப்பன் அதைப் பார்த்துப் பதறிப்போனான். பிறகு விஷயம் தெரிந்து அவனும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதான்.

உள்ளே, தலை கலைந்து, பொட்டு கரைந்து, உதடு வெடித்துக் கிடந்தாள் உலகு. நெஞ்சின்மேல் கதகதவென்று ஒரு சின்ன பாரம்.

சன்னல் வழியே சாயங்கால வெயில் வந்தது. பிள்ளை முகத்தைச் சுருக்கியது. ஒரு கண்ணைத் திறந்தது. அப்புறம் இன்னொன்றை.

உலகைப் பார்த்தது.